விறகும் விதியும்

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?"

கேள்வியின் உடை அணிந்து வந்த கட்டளை இது! விடையை எதிர்பார்த்து எவரும் இதைக் கேட்டதில்லை. வாயை அடைக்கவே கேட்டனர். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று எவரேனும் பேசத் துணிந்தால், திண்ணையிலிருந்து எழும் முதல் முழக்கம் இதுவாகத்தான் இருந்தது. அந்த முழக்கத்தை எதிர்த்துச் சீர்திருத்தக்காரர்கள் மேடைதோறும் பேசினர், ஏடுதோறும் எழுதினர். பெண் படித்தாள். ஆசிரியையானாள், மருத்துவரானாள், வழக்குமன்றத்தில் வாதிட்டாள். பழமொழி தோற்றது.

தோற்றதா? முழுவதும் தோற்றதா?

அந்தப் பழமொழிக்கு இரண்டு பாதிகள் உண்டு. "படிப்பெதற்கு" என்ற பிற்பாதியைத் தாக்கினோம்; தகர்த்தோம். "அடுப்பூதும் பெண்கள்" என்ற முற்பாதி மட்டும் தாக்குதலுக்கு ஆளாகாமல் தப்பிவிட்டது. பெண் ஏன் அடுப்பை ஊதவேண்டும்? எத்தனை நாழிகை ஊதுகிறாள்? அந்த அடுப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது? எவர் தலையில் ஏறி வருகிறது? அவள் நெஞ்சுக்குள் போகும் புகை எவ்வளவு? இவற்றைக் கேட்டவர் மிகச் சிலர். கேட்காததற்குக் காரணம் உண்டு. சோறு வேகவேண்டும், அதற்கு நெருப்பு வேண்டும், நெருப்பு என்றால் புகை இருக்கும், புகை இருந்தால் கண் எரியும். இது இயற்கை, இது வழக்கம், இது பெண்ணாய்ப் பிறந்ததன் பலன்! இப்படித்தான் சொல்லிவைத்தனர். வழக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் எந்தக் கொடுமையும் கணக்கிலிருந்து தப்பிவிடும். விதி என்று சொல்லிவிட்டால் கணக்குப் புத்தகத்தையே மூடிவிடலாம்.

மூடிக் கிடந்த அந்தப் புத்தகத்தைத் திறந்தவர்களின் வரலாறுதான் இக்கட்டுரை. அவர்கள் புரட்சிக் கொடி ஏந்தியவர்களல்லர். தராசும் கடிகாரமும் ஏந்திய ஆராய்ச்சியாளர்கள். ஆனால் அவர்கள் போட்ட கணக்கு, கொடி செய்யும் வேலையைச் செய்தது.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சியைப் பார்ப்போம். அந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பது அதிலே விளங்கும்.

ஆண்டு 1902. காவிரி, சிவசமுத்திரத்தில் பாறைக்குப் பாறை தாவிக் கீழே வீழ்கிறாள். அந்த வீழ்ச்சியிலே பொறிகளைச் சுழலவிட்டு மைசூர் அரசு மின்விசையைப் பிறப்பித்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்தார்கள். அந்நாளில் அது உலகம் வியந்த வேலை. அந்தக் கம்பி எங்கே போயிற்று? உழவர் வாழும் ஊர்களுக்கா? கைத்தறி ஓடும் தெருக்களுக்கா? இல்லை! கோலார் தங்கவயலுக்கு! வெள்ளைக் கம்பெனி தோண்டிய சுரங்கத்துக்கு! அந்தச் சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்கிய தொழிலாளரில் மிகப் பலர், வடஆர்க்காட்டுப் பக்கமிருந்து பிழைப்புத் தேடிப்போன ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். மூன்றாண்டு கழித்து, 1905இல், பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. பத்திரிகைகள் பாராட்டின, பிரமுகர்கள் பூரித்தனர்.

தங்கத்துக்கு முதலிடம். நகரத் தெருவுக்கு இரண்டாமிடம். சிற்றூரின் அடுப்படிக்கு? அதற்கு வரிசையில் இடமே குறிக்கப்படவில்லை!

ஆறு ஓடியது எல்லோருடைய மண்ணிலும். ஆற்றின் ஆற்றல் போய்ச் சேர்ந்தது சிலருடைய கைக்கு. தண்ணீர் தானாகப் பள்ளத்தை நாடும். மின்சாரம் தானாக எந்தப் பக்கமும் போகாது. எவர் கம்பி இழுக்கிறாரோ, அவர் காட்டும் திசையில்தான் போகும். ஆகையால், ஓர் ஊர் இருண்டு கிடக்கிறது என்றால், இருள் அங்கே இயற்கையாக வந்து குடியேறியது என்று பொருளல்ல. வெளிச்சம் வேறோர் இடத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

இப்போது எழுபது ஆண்டுகளைத் தாண்டி வருவோம். அதே பெங்களூர். அங்கே இந்திய அறிவியல் கழகம் என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கூடம். அங்கே ஒரு பேராசிரியர். பெயர் அமுல்ய குமார் ரெட்டி. 1930இல் பெங்களூரில் பிறந்தவர், இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் பணியாற்றியவர். மின்வேதியியல் அவருடைய துறை. பாக்ரிஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து 1970இல் அவர் வெளியிட்ட மின்வேதியியல் நூல், பல நாட்டு மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் விருதும் விழாவும் பெற்று, மாலையும் மரியாதையுமாகக் காலம் கழிந்திருக்கும். அவர் மனம் அதிலே நிறைவு காணவில்லை. அறிவியல் கழகத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர்களுக்கு இந்த அறிவால் என்ன பயன் என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

1974ஆம் ஆண்டு, ஊரகங்களுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்கென்றே ஒரு பிரிவு அங்கே தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'அஸ்த்ரா' என்று வரும். புராணத்திலே அஸ்திரம் எய்தவர்கள் மந்திரம் சொல்லி எய்தனர். இந்த அஸ்திரக்காரர்கள் மந்திரம் ஏதும் ஓதவில்லை. தும்கூர் மாவட்டத்தில் குணிகல் வட்டத்துக்குப் போனார்கள். உங்க்ரா என்ற ஊரைச் சுற்றியுள்ள ஆறு சிற்றூர்களில் வீடு வீடாகப் புகுந்தார்கள். விறகை எடை போட்டார்கள். நடையை அளந்தார்கள். நேரத்தைக் குறித்தார்கள். யார் தண்ணீர் சுமக்கிறார், யார் மாடு மேய்க்கிறார், யார் சுள்ளி பொறுக்குகிறார் என்று வரிவரியாக எழுதினார்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1973இன் இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியது. உலகமே எரிபொருள் நெருக்கடி என்று அலறியது. ஏடுகளில் எண்ணெய், மாநாடுகளில் எண்ணெய், அமைச்சர் பேச்சில் எண்ணெய்! நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் ஆகிய மூன்றும் விலைபோகும் பண்டங்கள். ஆகவே அவற்றுக்குக் கணக்கேட்டில் முன்வரிசை. விறகும் சாணமும் சருகும் 'வணிகமல்லாதவை' என்ற தலைப்பில், உத்தேச மதிப்பீடாக, பின்வரிசையில் ஒதுங்கி நின்றன. காசு கொடுத்து வாங்காத பொருள்தானே என்ற எண்ணம்!

ஆறு ஊர்களில் ஒன்றான புராவில் கிடைத்த விடையைக் கேளுங்கள். 56 குடும்பங்கள், 357 மக்கள் வாழ்ந்த சிற்றூர். அந்த ஊர் செலவிட்ட ஆற்றலை நூறு பங்காக்கினால், விறகு 89. மனிதரின் உடலுழைப்பு 7. மண்ணெண்ணெய் 2. மாட்டின் உழைப்பு 1. மின்சாரம் 1!

காவிரியிலே மின்விசை பிறந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அதே மாநிலத்துச் சிற்றூருக்குக் கிடைத்த பங்கு நூற்றில் ஒன்று! ஊருக்குள் மின்கம்பி வந்திருந்தும், பெரும்பாலான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் மினுக்கியது.

ஆற்றல் எதற்குச் செலவாயிற்று என்று பார்த்தபோது மற்றோர் உண்மை வெளிவந்தது. வேளாண்மைக்கு 3 பங்கு, தொழிலுக்கு 4 பங்கு, விளக்குக்கு 2 பங்கு. வீட்டுவேலைக்கு, அதாவது பெரும்பாலும் அடுப்புக்கு, 91 பங்கு. ஊரின் பொருளியலே அடுப்பைச் சுற்றித்தான் சுழன்றது. அந்த அடுப்போ, இட்ட விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே பானைக்குத் தந்தது. மிச்சம் சுவருக்கும் காற்றுக்கும் போயிற்று. கூடவே புகை, ஊதியவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போயிற்று.

மனித உழைப்பு 7 பங்கு என்றேனே, அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் பெண்களுடையது. குழந்தைகளின் உழைப்பையும் கூட்டினால், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிடும். "குடும்பத்தைத் தாங்குபவன் ஆண்" என்று எழுதிவைத்த ஏடுகள் ஒரு பக்கம். தராசு காட்டிய உண்மை மறுபக்கம். எதை நம்புவது? பகுத்தறிவாளன் தராசைத்தான் நம்புவான்.

சுள்ளி பொறுக்கும் குழந்தை பள்ளிக்கு எப்போது போவது? வருகைப் பதிவேட்டை நாள்தோறும் புரட்டும் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 'வரவில்லை' என்று போடும் குறிக்குக் காரணம் எழுத அதிலே இடமில்லை. அறிவில்லை, அக்கறையில்லை என்று நாமாக ஒரு காரணத்தை ஒட்டிவிடுகிறோம். புராவின் கணக்கு, அந்த வெற்றிடத்தில் எழுதவேண்டியது எது என்று காட்டியது.

இன்னொரு பழியையும் அந்தக் கணக்குத் துடைத்தது. அந்நாளில் காடுகள் அழிவதைக் கண்டு உலகம் கவலை கொண்டது. கவலை நியாயமானதே. ஆனால் குற்றவாளி யார்? விறகு சுமக்கும் ஏழைப் பெண்ணை நோக்கித்தான் பலருடைய விரல்கள் நீண்டன. கண்ணுக்குத் தெரிபவள் அவள்தானே! புராவிலே எடைபோட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: அவள் தலையில் இருப்பவை சுள்ளிகள், உதிர்ந்த கிளைகள், வெட்டிச் சாய்த்த மரங்களல்ல. பெருமரங்கள் வேறு வழியிலே பயணம் செய்தன. தொலைவிலுள்ள காடுகளிலிருந்து லாரி லாரியாகப் பெங்களூர் விறகு மண்டிகளுக்கு வந்து இறங்கின. நகரத்து விறகைப்பற்றிய அந்த ஆய்வை ரெட்டியும் சுதாகர ரெட்டியும் 1983இல் வெளியிட்டனர்.

நகரத்து விறகை வாங்கியவர் மட்டும் சீமான்களா? அங்கேயும் ஏழைகள்தாம்! வருவாய் ஏற ஏற, குடும்பங்கள் விறகை விட்டு மண்ணெண்ணெய்க்கும், மண்ணெண்ணெயை விட்டு எரிவாயுவுக்கும் ஏறிப்போவதை அவர்கள் கண்டார்கள். படிக்கட்டு இருக்கிறது, ஏழைக்கு ஏன் ஏற முடியவில்லை? முதல் படியில் நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள்! அடுப்பு வாங்க, உருளைக்கு முன்பணம் கட்ட, மொத்தமாகப் பணம் வேண்டும். கையில் மொத்தப் பணம் உள்ளவன் ஒருமுறை செலவிட்டு, வெப்பத்தை வீணாக்காத அடுப்பைப் பெறுகிறான். அன்றாடங்காய்ச்சியோ, நாலு காசுக்கு விறகும் நாலு காசுக்கு மண்ணெண்ணெயும் வாங்கி, வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகையாக இழக்கிறான். ஏழ்மைக்கு விதிக்கப்பட்ட வரி இது. எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத வரி. எந்த ஏழையும் தப்ப முடியாத வரி!

கணக்குப் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அஸ்த்ரா குழுவினர் புதிய அடுப்பொன்றை அமைத்தனர். ஒரே நெருப்பில் மூன்று பாத்திரங்கள் சூடேறும். புகை குழாய் வழியே கூரைக்கு மேல் போகும். விறகுச் செலவு வெகுவாகக் குறையும். 'அஸ்த்ரா ஒலெ' என்று அதற்குப் பெயர். ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. நம் 'உலை'யின் உடன்பிறப்பு. புகையில்லா அடுப்பு என்ற எண்ணம் அதற்கு முன்பே உண்டு. 1950களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் அதற்காகப் பாடுபட்டவர். எண்ணம் பழையது, அளந்து பார்த்து, மக்கள் வீட்டிலே சோதித்துத் திருத்தும் முறைதான் புதியது.

புராவில் அதைவிடப் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. ஊர் மாடுகளின் சாணத்தைத் திரட்டி, ஊருக்குப் பொதுவாக எரிவாயு நிலையம் அமைத்து, எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு தருவது திட்டம். எண்ணம் சிறந்தது, மாடுகளின் எண்ணிக்கைதான் குறைவு! அத்தனை குடும்பங்களின் சமையலுக்கும் அந்தச் சாணம் போதவில்லை. முயற்சி முடங்கியது.

இங்கேதான் ஆராய்ச்சியாளருக்கும் ஆரவாரக்காரருக்கும் வேறுபாடு தெரியும். ஆரவாரக்காரன், "மக்களுக்கு அறிவில்லை, திட்டத்தைக் கெடுத்துவிட்டனர்" என்று அறிக்கை விட்டுப் போயிருப்பான். இவர்கள் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். அடுப்புக்குப் போதாத வாயு, சிறு இயந்திரத்தை ஓட்டப் போதும். ஊரின் பெருந்தேவையாக எதிரே நின்றது குடிநீர். 1987இல் நிலையம் புதிய கோலத்தில் எழுந்தது. டீசலோடு சாண வாயுவும் கலந்து எரியும் இயந்திரம், ஏறத்தாழ 5 கிலோவாட் மின்சாரம் தந்தது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் ஏறியது. வீடுகளில் குழல்விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்க்குச் சிறுதொகை கிடைத்தது. வாயு போக மிஞ்சிய கழிவு, எருவாக அவர்கள் வயலுக்கே திரும்பியது. நிலையத்தை ஊர் இளைஞர்களே ஓட்டினர். இராஜபாப்பையா முதலியோர் அதன் வரவுசெலவை வரிவரியாக எழுதி வெளியிட்டனர்.

பின்னர் ஒருநாள் அதுவும் நின்றுபோயிற்று. நின்றதை ரெட்டி மறைக்கவில்லை. 2004இல், தம் வாழ்வின் இறுதிப் பகுதியில், புராவின் பாடங்கள் என்றே ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிக்கு விழா எடுப்பவர் பலர் உண்டு. முடிந்துபோன முயற்சியிலிருந்து பாடம் எழுதுபவரே அறிவுலகத்துக்கு வேண்டியவர்.

ஆயினும், தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்கு நீர் வந்தது. விளக்கு வந்தது. அடுப்புக்கு வரவேண்டியது மட்டும் வரவில்லை! நல்லவர்கள் முயன்றும், அளந்து பார்த்து முயன்றும், அடுப்படிதான் கடைசியில் காத்து நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

சிற்றூரில் பெற்ற பாடத்தை ரெட்டி உலகுக்கு எடுத்துச் சென்றார். பிரேசிலின் கோல்டம்பர்க், சுவீடனின் யோகான்சன், அமெரிக்காவின் ராபர்ட் வில்லியம்ஸ் ஆகிய மூவரோடு கூடி ஆராய்ந்தார். நாடு நான்கு, மொழி நான்கு. கேள்வி ஒன்று: ஏழை நாட்டு மக்கள் நல்வாழ்வு பெற எவ்வளவு ஆற்றல் தேவை? பணக்கார நாடுகள் எரிப்பதுபோல் எரித்தால்தான் வாழமுடியும் என்றால், ஏழைக்கு நம்பிக்கையே இல்லை. 1985இல் அவர்கள் விடை சொன்னார்கள்: ஆளுக்கு ஒரு கிலோவாட் போதும். நூறு வாட் விளக்குகள் பத்து, ஓயாது எரிந்தால் எவ்வளவோ அவ்வளவு. சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமல்ல. ஆலைக்கும் போக்குவரத்துக்கும் எல்லாம் சேர்த்து! அன்றிருந்த சிறந்த கருவிகளைக் கொண்டு வீணடிப்பைத் தடுத்தால், 1970களின் நடுவில் மேற்கு ஐரோப்பியர் பெற்றிருந்த வசதிகளை அந்த அளவிலேயே தரமுடியும் என்றனர். வியப்பு என்னவெனில், வளரும் நாடுகள் அப்போது செலவிட்டுக்கொண்டிருந்த அளவைவிட அது சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஏழை குறைவாக எரிப்பதால் மட்டும் ஏழையாயில்லை. எரிப்பதன் பலன் அவனுக்குக் கிட்டாததால் ஏழையாயிருக்கிறான்.

மனிதனுக்கு வேண்டியது நிலக்கரியா? அல்ல, வெந்த சோறு. மின்சாரமா? அல்ல, படிக்க வெளிச்சம், குடிக்க நீர், உழைக்கக் கருவி. எத்தனை அலகு மின்சாரம் உற்பத்தியாயிற்று என்பது அளவுகோலாகாது. எத்தனை வீட்டில் சோறு புகையின்றி வெந்தது என்பதே அளவுகோல். இதுதான் அவர்கள் கருத்தின் சாரம்.

இந்த அளவுகோலை அவர் கருநாடக அரசின் திட்டத்தின்மீதே வைத்துப் பார்த்தார். 1987இல் அரசுக் குழுவொன்று, 2000ஆம் ஆண்டுவரை மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணித்தது. பழைய வளர்ச்சிக் கோட்டை அப்படியே மேலே நீட்டி, இவ்வளவு வேண்டும், இத்தனை நிலையங்கள் வேண்டும் என்று பெரும் பட்டியல் போட்டது. ரெட்டியும் அவர்தம் தோழர்களும் கேட்டார்கள்: யாருக்கு வேண்டும்? எதற்கு வேண்டும்? எல்லா வீட்டுக்கும் விளக்கு என்பதை முதலில் கணக்கில் சேர்த்தார்கள். குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் விளக்கு, வீணாக்காத நீரிறைக்கும் பொறி, வெந்நீருக்கு வெயில் ஆகியவற்றை அடுத்துச் சேர்த்தார்கள். 1991இல் கணக்கு வெளிவந்தது. அரசுக் குழு கேட்டதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போதும்! எல்லா வீட்டுக்கும் விளக்கு ஏற்றியும் போதும்!

ஏழைக்குக் கொடுத்தால் கருவூலம் காலியாகும் என்போர்க்கு இதைவிட நல்ல பதில் உண்டோ? கருவூலத்தைக் காலியாக்குவது ஏழையின் ஒற்றை விளக்கு அல்ல. யாருக்கு என்று கேட்காமல் போடப்படும் பெரும் திட்டம். அந்நால்வருக்கும் 2000ஆம் ஆண்டில் வால்வோ சுற்றுச்சூழல் பரிசு கூட்டாக வழங்கப்பட்டது. ரெட்டி 2006இல் மறைந்தார்.

விறகை அளந்தாயிற்று. புகையை அளந்தவர் யார்? கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். ஆலைப் புகையைப்பற்றியும் ஊர்திப் புகையைப்பற்றியும் உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவர் குசராத்துச் சிற்றூர்களுக்கு வந்தார். இந்திய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, சமைக்கும் பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் மூச்சிழுக்கும் காற்றைச் சோதித்தார். 1983இல் முடிவு வெளிவந்தது. ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் தூசு! எந்த ஆலையின் வாயிலிலும் சகிக்கப்படாத காற்று, தாயின் அடுப்படியில் சகிக்கப்பட்டது. தாய்மையைப் போற்றும் நாட்டில்!

பின்னர் குவாத்தமாலா நாட்டு மலைப்பகுதியில் 534 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு உடனே தரப்பட்டது. மறுபாதிக்கு ஆய்வு முடிந்ததும் தரப்பட்டது. 2011இல் வெளிவந்த முடிவு, குழந்தைகளின் கடுமையான நுரையீரல் அழற்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. ஆனால் எல்லா வகை அழற்சியையும் சேர்த்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லத்தக்க அளவு குறைவில்லை. அதையும் அப்படியே எழுதினர்.

சென்னையில் மருத்துவப் பல்கலைக்கழகமொன்றில் பணியாற்றும் கல்பனா பாலகிருஷ்ணன், தமிழகத்துச் சிற்றூர் அடுப்படிகளின் புகையை அளந்து ஆராய்ந்தவர். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களிடையே நடந்த பேராய்வில், இந்தியாவின் களம் நம் தமிழகம். எரிவாயு அடுப்புத் தந்ததால் பெண்கள் சுவாசித்த புகை நன்கு குறைந்தது. பிறந்த குழந்தையின் எடையோ, எதிர்பார்த்தபடி கூடவில்லை. 2022இல் அதையும் உலகறிய வெளியிட்டனர். தாம் விரும்பிய விடை வராதபோதும் வந்த விடையைச் சொல்வதுதான் அறிவியல். சொன்னதே சரி என்று சாதிப்பதற்கு வேறு நிலையங்கள் இருக்கின்றன, அங்கே மணியடிப்பார்கள்!

ஓர் ஆய்வில் எடை கூடவில்லை என்பதால் புகை குற்றமற்றதாகிவிடாது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே மாண்டனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. போர் என்றால் தலைப்புச் செய்தி. அடுப்படிச் சாவுக்கு ஏது தலைப்பு?

ஸ்மித் தம் இறுதிக் காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். விறகடுப்பைத் திருத்தித் திருத்திப் பார்த்தாயிற்று. பணக்காரர் எதில் சமைக்கிறாரோ அதையே ஏழைக்கும் கொடுங்கள் என்றார். அவர் 2020இல் மறைந்தார். ஏழைக்கு ஏழ்மையான தொழில்நுட்பம், செல்வனுக்குச் செழுமையான தொழில்நுட்பம் என்ற இரட்டைப் பந்தியை மறுத்த குரல் அது. பந்தியில் இரட்டை வரிசையை எதிர்த்துப் போராடிய நாட்டுக்கு அந்தக் குரலின் பொருள் எளிதில் விளங்கும்.

இந்திய அரசு 2016 மே மாதம் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பப் பெண்ணின் பெயரில், முன்பணமின்றி எரிவாயு இணைப்பு. 2019 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 8 கோடியைத் தொட்டது. படிக்கட்டின் நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது; இது பெரிய செயல், மறுப்பதற்கில்லை. ஆனால் உருளை தீர்ந்தபின்? மறு உருளைக்குப் பணம் வேண்டும். மானியம் போக மீதியும் கூலிக்காரக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. எரிவாயு அடுப்பு விருந்தினர் வரும் நாளுக்கு. விறகடுப்பு மற்ற நாளுக்கு என்று இரண்டும் அருகருகே இருக்கும் வீடுகள் எத்தனை!

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மின்சாரம் உள்ள வீடுகள், நூற்றுக்கு 96.8. தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள், நூற்றுக்கு 58.6. ஊரகத்தில் மட்டும் பார்த்தால் 43 அளவே. புராவில் கண்ட காட்சி, நாடளவில்! விளக்கு முந்திக்கொண்டது, அடுப்பு பிந்தி நிற்கிறது.

ஏன்? விளக்கு கூடத்தில் எரிகிறது; அதன் ஒளியில் வீட்டுத் தலைவர் அமர்கிறார். அடுப்பு பின்கட்டில் எரிகிறது. அதன் புகையில் அவள் நிற்கிறாள். விறகுக்கு அவள் கொடுப்பது காசல்ல, காலம். அவளது காலத்துக்கு எவரும் விலை குறிக்கவில்லை. விலை இல்லாததைக் கணக்கில் எழுதுவதில்லை. கணக்கில் இல்லாததை விதி என்கிறார்கள். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மனிதன் செய்தது. மனிதன் செய்ததை மனிதன் உடைக்கலாம்.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பங்கைச் செய்தனர். எடை போட்டனர், எழுதினர், தோற்ற இடத்தில் தோற்றோம் என்றனர். எஞ்சியிருப்பது ஆய்வுக்கூடத்து வேலையல்ல, நம் வேலை. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், எத்தனை அடுப்புகள் இன்னும் விறகில் எரிகின்றன? எத்தனை உருளைகள் மறுமுறை நிரப்பப்படாமல் மூலையில் கிடக்கின்றன? விறகுக்காக ஒரு பெண் வாரத்தில் எத்தனை மணி நேரம் நடக்கிறாள்? ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும், இளைஞர்களே! எண்ணுங்கள்; எழுதுங்கள்; அந்த எண்ணோடு ஊர் மன்றத்துக்குப் போங்கள். "வழக்கம்" என்று ஒருவர் தொடங்கும்போது, குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள்.

பழமொழியின் பிற்பாதியை முந்திய தலைமுறை வீழ்த்திற்று. முற்பாதி நமக்காகக் காத்திருக்கிறது.